எலுமிச்சையில் உட்கார்ந்திருக்கும் இலை வெட்டுக்கிளி: அடையாளமும் பழக்கமும்

கேள்வி இதுதான். திருவையாற்றுக்கு அருகே, குடமுருட்டிக் கரையை ஒட்டிய ஒரு வீட்டுக் கொல்லையில், எலுமிச்சைச் செடியின் மேல் பெரிய பச்சைப் பூச்சி ஒன்று சில நாட்களாக உட்கார்ந்திருக்கிறது. பார்வைக்கு இலையைப் போலவே இருக்கிறது. செடியில் பல இலைகள் கடிபட்டிருக்கின்றன. இது வடமாநிலங்களைத் தாக்கிய பாலைவன வெட்டுக்கிளியா, இதற்கு விஷம் உண்டா, மருந்து அடிக்க வேண்டுமா, பக்கத்து வயலில் நிற்கும் நெல்லுக்கு இதனால் சேதம் வருமா என்று படங்களோடு கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் விடையைச் சொல்லிவிடுகிறேன். இது பாலைவன வெட்டுக்கிளி அன்று. நீண்ட உணர்கொம்பு வெட்டுக்கிளிகளின் குடும்பமான டெட்டிகோனிடேயில், இலையுண்ணிகள் மிகுந்த பானரோப்டெரினே என்னும் துணைக்குடும்பத்தைச் சேர்ந்த பூச்சி. அகன்ற சிறகையும் வயிற்று நுனியில் தெரியும் உறுப்பையும் வைத்துப் பார்த்தால் ஹோலோகுளோரா பேரினத்தின் வளர்ந்த பெண் என்று சொல்லலாம். விஷம் இல்லை. நெல்லை அழிக்கப் போவதில்லை. மருந்து வேண்டாம். எலுமிச்சை இலைகளில் நீங்கள் காட்டியிருக்கும் சேதத்தில் பெரும்பகுதி இது செய்தது அன்று என்றும் கருதுகிறேன். ஒவ்வொன்றுக்கும் காரணத்தைக் கீழே விளக்குகிறேன். அடுத்த முறை இதேபோன்ற பூச்சியைப் பார்த்தால் எவர் துணையும் இல்லாமல் நீங்களே இனம் காண அது உதவும்.

பச்சை நிறத்தை அடையாளமாகக் கொள்ளக் கூடாது. காவிரிப் படுகையில் பச்சை வெட்டுக்கிளிகள் பல உண்டு. அவற்றில் சில ஒன்றுக்கொன்று மிகத் தொலைவான உறவினர்கள். ஒரே இனத்துக்குள்ளேயே பச்சையும் பழுப்பும் இருப்பதுண்டு. மிக அரிதாக இளஞ்சிவப்பு நிறத்தில் பிறக்கும் குஞ்சும் உண்டு. எனவே நிறத்தை விட்டுவிட்டு முதலில் உணர்கொம்பைப் பாருங்கள். உங்கள் இரண்டாவது படத்தில், தலையிலிருந்து கிளம்பும் இரண்டு மெல்லிய இழைகள் பின்னோக்கி வளைந்து, சிறகு நுனியையும் தாண்டிப் போகின்றன. உணர்கொம்பு உடலைவிட நீளமாக இருந்தால் அது டெட்டிகோனிடே பக்கத்தைச் சேர்ந்தது. பாலைவன வெட்டுக்கிளி, நம் வயல்வரப்பில் தாவும் ஹைரோகிளைபஸ், ஆக்சியா முதலிய நெல் வெட்டுக்கிளிகள், எருக்கஞ்செடியில் மஞ்சளும் நீலமுமாக நிற்கும் எருக்கு வெட்டுக்கிளி ஆகிய எல்லாவற்றுக்கும் உணர்கொம்பு குட்டையாக, தடித்து, உடலில் பாதி நீளம்கூட இல்லாமல் இருக்கும். 2020 மே மாதத்தில் ராஜஸ்தான், மத்தியப் பிரதேசம், மகாராஷ்டிரம் எனப் பல மாநிலங்களில் கூட்டங்கூட்டமாக இறங்கியது இந்தக் குட்டை உணர்கொம்பு வகையைச் சேர்ந்த பாலைவன வெட்டுக்கிளிதான். அந்தச் செய்திகளைப் பார்த்த பிறகு தஞ்சை, நாகை மாவட்டங்களில் எங்கே எந்த வெட்டுக்கிளி கண்ணில் பட்டாலும் மக்கள் பதறியது நியாயமானதே; ஆனால் உங்கள் கொல்லையில் இருப்பது கூட்டமாகச் சேர்ந்து படையெடுக்கும் பழக்கமே இல்லாத பூச்சி. ஒரு செடியில் ஒன்று, அதிகம் போனால் இரண்டு, அதுவும் தனித்தனியே உட்கார்ந்திருக்கும்.

இரண்டாவது அடையாளம் காது. இதைப் பார்க்க ஒரு பூதக்கண்ணாடி இருந்தால் நல்லது. பூச்சி நகராமல் இருக்கும் பகல் பொழுதில் முன்காலைக் கவனியுங்கள். முழங்காலுக்குச் சற்றுக் கீழே கால் லேசாகப் புடைத்திருக்கும். அந்தப் புடைப்பில் நீள்வட்டமாக ஒரு மெல்லிய சவ்வோ, அதை மூடிய சிறு பிளவோ தெரியும். அதுதான் காது. நெல் வெட்டுக்கிளிக்கும் பாலைவன வெட்டுக்கிளிக்கும் காது காலில் இல்லை. வயிற்றின் முதல் வளையத்தில், சிறகுக்கு அடியில் இருக்கும். முன்காலில் உள்ள இந்தக் காது அளவில் மிகச் சிறியது, ஆனால் அதன் அமைப்பு வியப்பூட்டுவது. கொலம்பியாவின் கோர்கோனா தீவில் வாழும் இதே குடும்பத்துப் பூச்சியொன்றை ஆராய்ந்தவர்கள், செவிப்பறை, அதன் அசைவைக் குறைத்து அழுத்தத்தைக் கூட்டிக் கடத்தும் நெம்புகோல் போன்ற அமைப்பு, திரவம் நிறைந்த குழாயில் அதிர்வெண்களைப் பிரித்தறியும் அணுக்கள் என நம் காதில் உள்ள மூன்று படிகளும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான இந்தக் காதில் இருப்பதை 2012இல் வெளியிட்டார்கள். பாலூட்டிகளுக்கும் பூச்சிகளுக்கும் தனித்தனியே உருவான காதுகள் ஒரே வேலையை ஒரே முறையில் செய்கின்றன என்பதை முதன்முதலாகப் படித்தபோது எனக்கு உண்டான மகிழ்ச்சி இன்றும் குறையவில்லை. வகைப்பாட்டு நூல்களில் காதின் சவ்வு வெளிப்புறம் திறந்திருக்கிறதா, உட்புறம் மூடியிருக்கிறதா என்பதும் பேரினங்களைப் பிரிக்கும் ஓர் அடையாளம். அதனால்தான் முன்காலைப் பக்கவாட்டில் படமெடுக்கச் சொல்லி எல்லாரிடமும் வேண்டிக்கொள்கிறேன்.

மூன்றாவது அடையாளம் பாதம். டெட்டிகோனிடே பூச்சிகளின் பாதத்தில் நான்கு கணுக்கள் இருக்கும். குட்டை உணர்கொம்பு வெட்டுக்கிளிகளுக்கும் சுவர்க்கோழிகளுக்கும் மூன்று. இலை வெட்டுக்கிளியின் பாதத்தின் கீழ்ப்புறம் அகன்று மெத்தென்று இருப்பதால்தான், எலுமிச்சை இலையின் வழுவழுப்பான பரப்பில் தலைகீழாகத் தொங்கியபடியும் அது வழுக்காமல் நடக்கிறது.

குடும்பம் தெரிந்த பிறகு துணைக்குடும்பத்துக்கு வருவோம். உங்கள் பூச்சியின் முன்சிறகு அகலமாக, நடுநரம்பும் கிளைநரம்புகளும் தெளிவாகத் தெரிய, உண்மையான இலையின் அமைப்பிலேயே இருக்கிறது. முன்சிறகின் நுனிக்கு அப்பால் இன்னொரு சிறு பச்சைத் துண்டு நீட்டிக்கொண்டிருப்பதைப் பாருங்கள். அது பின்சிறகின் நுனி. மடிப்பு விசிறியாக உள்ளே ஒடுங்கியிருக்கும் பின்சிறகு முழுவதும் கண்ணாடி போல நிறமற்று இருக்க, வெளியே தெரியும் அந்த நுனி மட்டும் பச்சையாகவும் கெட்டியாகவும் இருக்கும். பானரோப்டெரினே துணைக்குடும்பத்தின் பல பேரினங்களில் இதைக் காணலாம். அடுத்தது பெண்ணின் முட்டையிடும் உறுப்பு. படத்தில் வயிற்று நுனியிலிருந்து மேல்நோக்கி வளைந்து, பக்கவாட்டில் தட்டையாக, கருக்கரிவாளைப் போல நுனியில் நுண்பற்களோடு இருப்பது அதுதான். பார்த்தவர்கள் பலரும் இதைக் கொடுக்கு என்று அஞ்சுகிறார்கள். அது கொட்டுவதற்கானது அன்று. அதில் விஷச் சுரப்பியும் இல்லை. முட்டையை வைக்க இடம் கீறுவதற்கே அது பயன்படுகிறது.

இங்கே குழப்பம் தரக்கூடிய மற்ற பூச்சிகளையும் சொல்லிவிட வேண்டும். வாய்க்கால் கரைப் புல்லிலும் கரும்பிலும் இருந்துகொண்டு, இரவெல்லாம் இடைவிடாமல் ஒரே சுருதியில் இரைந்துகொண்டிருக்கும் யூகோனோசெபாலஸ் என்னும் கூம்புத்தலை வெட்டுக்கிளியும் உடலைவிட நீண்ட உணர்கொம்பு உடையதுதான். ஆனால் அதன் தலை முன்னோக்கிக் கூம்பாக நீண்டிருக்கும், சிறகு ஒடுங்கியிருக்கும், பெண்ணின் முட்டையிடும் உறுப்பு வளையாமல் நேராக நீண்ட வாளாக இருக்கும். மழைக்காலத்தில் தெருவிளக்குக்கும் திண்ணை விளக்குக்கும் வந்து விழுபவற்றில் இதுவும் ஒன்று. தாடை வலுவுள்ளது, கையில் பிடித்து அழுத்தினால் தோல் கிழிந்து இரத்தம் வருமளவு கடித்துவிடும். லின்னேயஸ் 1758இல் விவரித்த மெக்கோபோடா எலாங்கேட்டா உருவத்தில் பெரியது; பின்கால்கள் மிக நீண்டவை; பச்சையிலும் பழுப்பிலும் உண்டு; புதரடியில் தரைக்கு அருகே இருக்கும். தென்னிந்தியாவில் இந்தப் பேரினத்தை ஆராய்ந்த பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்து ஆய்வாளர்கள், உருவத்தில் வேறுபாடே காண முடியாத பூச்சிகள் ஐந்து வெவ்வேறு வகைப் பாடல்களைப் பாடுவதைக் கண்டறிந்து 2006இல் எழுதினார்கள். கண்ணுக்கு ஒன்றாகத் தெரிபவை காதுக்கு ஐந்தாகப் பிரிகின்றன என்பதால், வெறும் படத்தை வைத்து இனப்பெயரை அடித்துச் சொல்பவர்களை நான் நம்புவதில்லை. டூசீஷியா ஜப்பானிகா உங்கள் பூச்சியின் அதே துணைக்குடும்பம். ஆனால் சிறகு ஒடுங்கி நீண்டு, புல்லிதழின் அகலத்தில்தான் இருக்கும். வரப்பின் உயரமான புல்லிலும் களைகளிலும் காணலாம். ட்ரைகோனோகோரிபா பேரினமும் அகன்ற இலைச் சிறகு உடையதுதான். அதன் தலைக்குப் பின்னால் முதுகை மூடியிருக்கும் முன்மார்புத் தகடு மேலே தட்டையாகி, இரு ஓரமும் கூர்மையாக விளிம்பு கட்டியிருக்கும். உங்கள் படத்தில் அந்த ஓரம் உருண்டு இறங்குகிறது, ஆகையால் அதைத் தள்ளிவிட்டேன். மரப்பட்டை நிறத்தில் கிளையோடு கிளையாக அப்பிக்கொண்டு, உணர்கொம்பை முன்னால் நீட்டிப் படுத்திருக்கும் சாத்ரோபிலியாவை உங்கள் பூச்சியோடு ஒருவரும் குழப்ப மாட்டார்கள். ஆனால் அதுவும் இதே குடும்பம் என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது. இலைப்பூச்சி என்று படங்களில் காட்டப்படும் தட்டையான பிலியம் வேறு வரிசையைச் சேர்ந்தது. தாவுவதற்கான பருத்த பின்தொடை அதற்கு இராது.

இனி இதன் அன்றாடப் பழக்கம். இலை வெட்டுக்கிளி இரவில் இயங்கும் பூச்சி. பகலில் இலையின் மேலோ அடியிலோ, நடுநரம்புக்கு இணையாக உடலை ஒட்டவைத்துக்கொண்டு, கால்களைச் சேர்த்து, உணர்கொம்பை நீட்டியபடி அசையாமல் இருக்கும். நீங்கள் சில நாட்களாக ஒரே இடத்தில் பார்த்தது இந்த ஓய்வு நிலையைத்தான். காற்றடித்து இலை ஆடும்போது அதுவும் உடன் ஆடும். காற்று இல்லாத நேரத்தில் நடக்க நேர்ந்தாலும் முன்னும் பின்னும் அசைந்தசைந்து அடியெடுத்து வைக்கும். பொழுது சாய்ந்து இருட்டிய பிறகு டார்ச் விளக்கின் வெளிச்சத்தைக் கையால் பாதி மறைத்து, செடிக்கு ஒரு முழத் தூரத்தில் நின்று பாருங்கள். முதலில் அது செய்யும் வேலை பெரும்பாலும் தன்னைச் சுத்தம் செய்துகொள்வதாகத்தான் இருக்கும். முன்காலால் ஓர் உணர்கொம்பை வளைத்து வாய்க்குக் கொண்டுவந்து, அடியிலிருந்து நுனிவரை தாடைகளுக்கு இடையே மெல்ல இழுத்து விடும். நுனி விடுபட்டதும் இழை துள்ளி நிமிரும். பிறகு மற்றொன்று. அதன் பின் பாதங்களை ஒவ்வொன்றாக வாயில் வைத்துக் கடித்துத் துடைக்கும். பாதத்தில் தூசி சேர்ந்தால் வழுவழுப்பான இலையில் பிடிப்புக் கிடைக்காது. உணர்கொம்பில் தூசி சேர்ந்தால் மணம் தெரியாது. ஆகவே இதற்கு அது நிறைய நேரம் செலவிடுகிறது.

பிறகுதான் உணவு. இளந்துளிர், முற்றாத இலை, பூவிதழ், மகரந்தம் ஆகியவற்றை உண்ணும். ஒரே செடியை நம்பி வாழும் பூச்சி அன்று. கொல்லையில் எலுமிச்சை இருந்தால் எலுமிச்சை, பக்கத்தில் கொய்யாவோ பூவரசோ இருந்தால் அதிலும் கொஞ்சம் என்று இடம் மாறி மாறித் தின்னும். ஓரிடத்தில் ஓர் இலையை முழுதாகத் தின்று முடிப்பது குறைவு. ஓரத்திலிருந்து ஒழுங்கற்ற வளைவாகக் கடிக்கும், சில சமயம் இலையின் நடுவிலும் துளையிடும். தடித்த நரம்புகளைப் பெரும்பாலும் விட்டுவிடும். அடியில் உள்ள இலைகளில் உலர்ந்த, கறுத்த, சிறு குச்சித் துண்டு அளவிலான எச்சம் அங்கங்கே கிடக்கும்.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், உங்கள் மூன்றாவது படத்தில் உள்ள இலைகள் வேறு கதையைச் சொல்கின்றன. அங்கே துளிர் இலைகள் ஓரத்திலிருந்து உள்நோக்கித் தின்னப்பட்டு, பல இலைகளில் நடுநரம்பு மட்டும் குச்சியாக நிற்கிறது. எலுமிச்சையில் இப்படிச் செய்வது எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் புழு. இளம் பருவத்தில் அது கறுப்பும் வெள்ளையுமாகப் பறவை எச்சத்தைப் போலத் தோன்றுவதால் பலரும் அதைக் கவனிப்பதில்லை. வளர்ந்தபின் பச்சையாகிவிடும், தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து கவைபோல் ஓர் உறுப்பை வெளியே நீட்டி, மூக்கைத் துளைக்கும் நாற்றத்தைக் கிளப்பும். பச்சைப் பூச்சி பெரிதாக, கண்ணுக்குத் தெரியும்படி அமர்ந்திருப்பதால் பழி அதன் மேல் விழுகிறது; உண்மையில் தின்றவை பக்கத்து இலையில் எச்சம் போலக் கிடக்கின்றன. அதே படத்தில் இரண்டு இலைகளில் வெள்ளிக் கோடுகள் வளைந்து வளைந்து ஓடுகின்றன அல்லவா, அவை இலைத்துளைப்பான் என்னும் மிகச் சிறிய அந்துப்பூச்சியின் புழு இலைத்தோலுக்கு அடியில் சுரங்கம் போட்ட தடங்கள். அவற்றுக்கும் வெட்டுக்கிளிக்கும் தொடர்பே இல்லை. ரோஜா இலை ஓரத்தில் வட்டமாக, கத்தரித்து எடுத்ததுபோல் துண்டு காணாமல் போயிருப்பதையும் வெட்டுக்கிளியின் வேலை என்று சொல்வார்கள். அது இலைவெட்டித் தேனீ தன் கூட்டுக்குக் கொண்டுபோனது. முருங்கையில் இலைகள் மொட்டையாவது கம்பளிப்புழுவால். சேதத்தின் வடிவத்தைப் பார்க்காமல் கண்ணெதிரே உள்ள பூச்சியைத் தண்டிப்பது நம் தோட்டங்களில் மிகச் சாதாரணமாக நடக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

இரவில் செடியிலிருந்து ‘டிக், டிக்’ என்று கேட்பதாகவும், உங்கள் மகளுக்குத்தான் கேட்கிறது, வீட்டுப் பெரியவர்களுக்குக் கேட்கவில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். இது கற்பனை அன்று. இந்தத் துணைக்குடும்பத்து ஆண் பூச்சிகளின் ஒலி பெரும்பாலும் 10 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் இருக்கிறது. சிலவற்றில் மனிதக் காதின் எல்லையான 20 கிலோஹெர்ட்ஸையும் தாண்டுகிறது. வயது ஏற ஏற நமக்கு முதலில் குறைவது உயர்ந்த சுருதிகளைக் கேட்கும் திறன்தான். ஆகவே பேத்திக்குக் கேட்பது தாத்தாவுக்குக் கேட்காமல் போவது இயல்பு. ஒலி எழுப்புவது வாயினால் அன்று. இடது முன்சிறகின் அடியில் அரம் போன்ற பற்களின் வரிசை இருக்கிறது. வலது முன்சிறகின் ஓரத்தில் உள்ள விளிம்பு அதன்மேல் உரசும்போது ஒலி பிறக்கிறது. டெட்டிகோனிடே பூச்சிகளில் இடது சிறகு மேலே இருக்கும். சுவர்க்கோழிகளில் பெரும்பாலும் வலது சிறகு மேலே இருக்கும். படத்தில்கூட இதைச் சரிபார்க்கலாம்.

இந்தத் துணைக்குடும்பத்தின் தனிச்சிறப்பு, பெண்ணும் பதில் சொல்வது. மற்ற பல வெட்டுக்கிளிகளிலும் சுவர்க்கோழிகளிலும் ஆண் மட்டும் பாடும், பெண் ஓசையின்றி நடந்து வரும். பானரோப்டெரினேயில் ஆண் ஒலி எழுப்பியதும், அந்த இனத்துக்கே உரிய மாறாத ஓர் இடைவெளியில், பல இனங்களில் ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில், பெண் மிகச் சிறிய ‘டிக்’ ஒன்றைப் பதிலாக எழுப்பும். பதில் அந்த நேரத்துக்குள் வந்தால்தான் தன் இனத்துப் பெண் என்று ஆண் கொள்ளும். வந்ததும் அது ஒலி வந்த திசை நோக்கி நகரும். உங்கள் மகள் கேட்டது ஆணின் ஒலியும் பெண்ணின் பதிலும் சேர்ந்ததாகவும் இருக்கலாம். செடியில் ஒரு பெண் இருக்கும்போது அதற்கு வாய்ப்பு அதிகம். இணை சேர்ந்தபின் ஆண் தன் விந்துப்பையோடு புரதம் நிறைந்த கூழ் உருண்டை ஒன்றையும் பெண்ணின் வயிற்றடியில் ஒட்டிவிட்டுப் போகிறது. பெண் உடலை வளைத்து அந்த உருண்டையைத் தின்னும். தின்று முடிவதற்குள் விந்து உள்ளே சென்றுவிடும். சில இனங்களில் இந்த உருண்டை ஆணின் எடையில் கால்பங்குக்கும் மேல் இருக்கிறது. பெண் பூச்சியின் வயிற்றடியில் வெண்ணிற உருண்டையைப் பார்த்தால், அது முட்டையோ நோயோ அன்று, இந்தச் சீதனம்தான் என்று அறிந்துகொள்ளுங்கள்.

முட்டையிடும் இடம் இனத்துக்கு இனம் மாறுகிறது. இந்தத் துணைக்குடும்பத்தின் சில பூச்சிகள் இலையின் ஓரத்தைத் தாடையால் லேசாகக் கடித்துத் திறந்து, வயிற்றை முன்னோக்கி வளைத்து, தட்டையான அந்த உறுப்பை வாயால் பிடித்து வழிகாட்டி, இலையின் மேல்தோலுக்கும் கீழ்த்தோலுக்கும் இடையே முட்டையைச் செருகுகின்றன. ஹோலோகுளோரா பேரினம் மெல்லிய கிளைகளின் பட்டையைக் கீறி உள்ளே வைக்கும் பழக்கமுள்ளது. கிழக்காசிய நாடுகளில் ஆரஞ்சு வகை மரங்களின் சிறு கிளைகள் இதனால் காய்வதுண்டு. உங்கள் எலுமிச்சையில் பென்சில் தடிமனோ அதற்குக் குறைவாகவோ உள்ள கிளைகளில், பட்டை வரிசையாகக் கிழிந்து உள்ளிருந்து நார் எட்டிப்பார்க்கும் தழும்பு இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். இருந்தால் அந்தக் கிளையை மட்டும் கவாத்து செய்துவிட்டால் போதும். முட்டைகள் தட்டையானவை, செடியின் ஈரத்தை உறிஞ்சிப் பருத்த பிறகு பொரிக்கின்றன. குஞ்சுகளுக்குச் சிறகு இராது. ஆனால் உணர்கொம்பு முதல் நாளிலிருந்தே உடலைவிடப் பல மடங்கு நீளம். சில இனங்களின் இளங்குஞ்சுகள் கறுத்து, இடை சிறுத்து, எறும்பென்றே நினைக்கும்படி ஓடித் திரியும். ஐந்தாறு முறை தோலுரித்துப் பெரிதாகின்றன. தோலுரிப்பது பெரும்பாலும் இரவில், தலைகீழாகத் தொங்கியபடி. புதுத்தோல் இறுகியதும் உரித்த தோலைத் தானே தின்றுவிடும். அதனால்தான் சிள்வண்டின் கூட்டைப் போல இதன் தோலை மரத்தில் நாம் காண்பதில்லை. பிடிபட்டால் பின்காலை உதிர்த்துவிட்டுத் தப்பும். வளர்ந்த பூச்சிக்கு அந்தக் கால் மீண்டும் முளைக்காது. ஆகவே காலைப் பிடித்துத் தூக்க வேண்டாம்.

இதை உண்பவை பல. செம்போத்து புதருக்குள் நுழைந்து தேடித் தின்னும். இரட்டைவால் குருவி விளக்குக் கம்பத்துக்கு அருகே விடியற்காலையில் பிடிக்கும். புள்ளி ஆந்தை இரவில் எடுத்துப்போகும். கோடையில் மண்தரையில் குழி தோண்டும் பெரிய வேட்டைக் குளவியொன்று, உணர்விழந்த பச்சை வெட்டுக்கிளியை உணர்கொம்பைப் பிடித்துத் தரையில் இழுத்துச் செல்வதைப் பார்த்திருப்பீர்கள். அது ஸ்பெக்ஸ் பேரினத்துக் குளவி. தன் புழுவுக்கு உணவாக அதை உயிரோடு குழியில் வைக்கிறது. பழைய கோயில் மண்டபங்களில் தங்கும் பெரிய பொய்வாம்பயர் வௌவாலும் பூச்சிகளை இலையிலிருந்தே கவர்ந்துபோகும் வகை. மேற்குத் தொடர்ச்சி மலையில் அதன் சிறிய உறவினமான வௌவாலின் இருப்பிடத்தில் உதிர்ந்து கிடந்த சிறகுகளைப் பெங்களூரு ஆய்வாளர்கள் சேகரித்துப் பார்த்தபோது, பாடும் ஆண்களைவிட ஓசையற்ற பெண்களின் சிறகுகளே அதிகம் இருந்தன. இணையைத் தேடிப் பறந்து இடம்பெயரும் பெண்ணே எளிதில் அகப்படுகிறது என்பது 2015இல் வெளியான அந்த ஆய்வின் முடிவு. பாடுவதுதான் ஆபத்து என்று நெடுங்காலம் எல்லாரும் நினைத்திருந்ததை அது மாற்றியது.

நெல்லைப் பற்றிக் கேட்டீர்கள். குறுவையோ சம்பாவோ, நெற்பயிரில் இலையை ஓரமாக அரித்துத் தின்னும் வெட்டுக்கிளிகள் குட்டை உணர்கொம்பு வகை. வயலுக்குள் நீண்ட உணர்கொம்போடு ஒரு சிறிய பச்சை வெட்டுக்கிளியைப் பார்த்தால் அது பெரும்பாலும் கோனோசெபாலஸ். அது இலையையும் கதிரையும் கொஞ்சம் கடிப்பது உண்மைதான். ஆனால் புழுப்பருவத்தில் நெல்தண்டைக் குடையும் அந்துப்பூச்சியான மஞ்சள் தண்டுத்துளைப்பானின் முட்டைக் குவியல்களைத் தேடித் தின்பதும் அதுவே. கோனோசெபாலஸ் லாஞ்சிபென்னிஸ் என்னும் இனம் ஆசிய நெல்வயல்களில் தண்டுத்துளைப்பான் முட்டைகளை அழிக்கும் முக்கிய இரைகொல்லியாக அறியப்பட்டது. குருத்துக் காய்வதையும் வெண்கதிரையும் கண்டு கலங்கும் விவசாயிக்கு அது துணைவன். உங்கள் எலுமிச்சையில் உள்ள ஹோலோகுளோராவோ மரத்திலும் செடியிலும் வாழ்வது; வயலுக்குள் இறங்கி நெல்லைத் தின்னும் பூச்சி அன்று.

ஆகவே செய்ய வேண்டியது இவ்வளவே. செடி பெரியதாக இருந்தால் பூச்சியை அப்படியே விட்டுவிடுங்கள். ஒரு வெட்டுக்கிளி தின்னும் இலையை எலுமிச்சை ஒரு துளிர்ப்பில் ஈடுகட்டிவிடும். ஒட்டுச்செடியோ, நட்டுச் சில மாதமே ஆன கன்றோ என்றால், ஓர் அட்டையைப் பூச்சியின் முன்னால் நீட்டி, பின்னாலிருந்து மெல்லத் தொட்டு ஏறவிட்டு, வேலியில் இருக்கும் பூவரசிலோ புங்கனிலோ கொண்டுபோய் விடலாம். புழுக்களைக் கையால் பொறுக்கலாம்; அதிகமாக இருந்தால் 5 சதவீத வேப்பங்கொட்டைச் சாற்றை மாலையில் தெளிக்கலாம். வீரியமுள்ள பூச்சிக்கொல்லியைக் கொல்லைச் செடியில் அடிப்பதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன்; எலுமிச்சைப் பூவுக்கு வரும் தேனீயும், புழுவைத் தின்னும் கும்பிடுபூச்சியும், முட்டைக்குள் முட்டையிட்டு வெட்டுக்கிளியைக் கட்டுக்குள் வைக்கும் நுண்குளவிகளும் முதலில் சாகும். கிளுவை வேலிகள் போய்ச் சுற்றுச்சுவர்கள் வந்துவிட்ட ஊர்களில் இந்தப் பூச்சிகளுக்குப் பகலில் ஒதுங்க இடம் குறைந்துவருகிறது. கொல்லையோரம் நாலு புதரை வெட்டாமல் விட்டுவைப்பது நல்லது.

பேரினத்துக்குக் கீழே இனப்பெயர் வரை போக வேண்டுமானால் ஆண் பூச்சி கிடைக்க வேண்டும். ஹோலோகுளோராவில் இனங்களைப் பிரிக்க முக்கியமானவை ஆணின் வயிற்று நுனியில் உள்ள கொக்கிகளின் வளைவும், அதன் அடியில் பின்னோக்கி நீளும் தகட்டின் பிளவும். விளக்கடியில் அரிவாள் உறுப்பு இல்லாத, இதே அகலச் சிறகுள்ள பூச்சியொன்று வந்தால், வயிற்று நுனியை மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, கீழிருந்து ஒன்று, முன்காலின் காதை இருபுறமும், முன்மார்புத் தகட்டை மேலிருந்து என்று படமெடுங்கள். அருகில் ஓர் அளவுகோலை வையுங்கள். இரவில் அந்த ‘டிக்’ கேட்கும்போது கைபேசியைச் செடிக்கு அருகே வைத்து ஒலியையும் பதிவு செய்து, பதிவு செய்த நேரத்தையும் அப்போதைய வெப்பநிலையையும் குறித்துக்கொள்ளுங்கள். குளிர்ந்த இரவில் ஒலிகளின் இடைவெளி நீண்டுவிடும் என்பதால் வெப்பநிலை இல்லாமல் பதிவுகளை ஒப்பிட முடியாது. உயர் சுருதிகளில் ஒரு பகுதியைக் கைபேசி விட்டுவிடும், ஆனாலும் ஒலிகளின் இடைவெளியைக் கணக்கிட அது போதும்.